உப்புக்கு நீண்ட கை

மார்ச் 4

தம்பிக்கு,

இந்த வீட்டில் இனி உப்பு வாங்கப்படாது, வைக்கப்படாது, சமையலில் சேர்க்கப்படாது என்ற தீர்மானம் நேற்று மாலை ஒருமனதாக நிறைவேறியது. வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் என்பதால் ஒருமனது சிரமமில்லாமல் கிடைத்தது. உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அதிலிருந்த உப்பைப் பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மூன்று பேருக்கும் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்ட பொருள், வீணாகக் கூடாது.

நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். நீ பின்னால் வேறு மாதிரி சொல்வாய். ஜன்னல் கண்ணாடியைப் பந்து தானாகப் போய் உடைத்தது என்று சொன்ன ஆள்தானே நீ.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல உலக உருண்டையைச் சுற்றினார். கண்ணை மூடி விரலை வைத்தார். ஐஸ்லாந்து. பூகோளப் புத்தகத்தில் அந்த நாட்டின் முக்கியப் பொருட்கள் மீன், அலுமினியம் என்று இருக்கிறது. ஆகவே மீனை அலுமினியப் பாத்திரத்தில் வேகவைத்து, உருளைக்கிழங்கும் வெண்ணெயும் சேர்த்துப் பரிமாறினேன். அம்மா இருந்த காலத்திலிருந்து ஐஸ்லாந்து நம் வீட்டில் இப்படித்தான் சமைக்கப்படுகிறது. இதுவரை ஐஸ்லாந்திலிருந்து புகார் வந்ததில்லை.

மேசையில் குறை சொல்ல யாரும் வாய் திறக்கக் கூடாது. தட்டைக் காலி செய்ய வேண்டும். மனக்குறை இருந்தால் உப்புக்குக் கை நீட்டலாம். ஒரே சாப்பாட்டில் மூன்று முறை கை நீண்டால், சமைத்தவர் ஞாயிற்றுக்கிழமை உரிமையை ஓராண்டுக்கு இழக்கிறார், உருண்டை அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகிறது. இது அப்பா போட்ட சட்டம். இத்தனை காலத்தில் யாருக்கும் மூன்றாவது கை நீண்டதில்லை.

அன்று முதலில் நீ நீட்டினாய். அடுத்து உன் மனைவி. (கல்யாணமாகி ஒன்பது வருடமானாலும் எனக்கு அவள் புதுக் கண்டம்தான். கண்டுபிடித்தவனுக்குத்தான் பெருமை, அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு என்ன லாபம்.) மூன்றாவது உன் மகள், அந்த வாலு. அவள் கை உப்பு டப்பாவுக்கு எட்டவில்லை. நீ ஒரு விரலால் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாய். அதை நான் பார்த்தேன்.

அப்பா எழுந்து உருண்டையைத் துண்டில் சுற்றினார். "சட்டம்னா சட்டம்மா," என்றார். உருண்டை இருக்கும் வீட்டில்தான் தானும் இருப்பது என்று அம்மா போனபிறகு அவர் வைத்துக்கொண்ட முறை உனக்குத் தெரியும். தெரிந்துதானே நகர்த்தினாய். ஒரு பெட்டி, ஓர் உருண்டை, நான் என் கையால் செய்து கொடுத்த புதுப் பல்செட், இவ்வளவோடு உன் வண்டியில் ஏறினார். இந்தச் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி. ஐந்தைச் சுவரோரம் போட்டுவிட்டேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நீ பேசினால் கத்துவாய். கடிதத்தில் கத்தினால் எழுத்துப் பிழைதான் வரும், அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். உங்கள் ஊரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

உப்பு வந்தது. பொட்டலத்தில் நீ போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேடவேண்டியிருந்தது. உன் மனசு மாதிரியே கட்டியிருக்கிறாய்.

டப்பாவை நகர்த்தினேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கதையை நீ நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். தொடக்கத்தை நான் எழுதுகிறேன்.

இவள் நம் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? இவளுடைய அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். அன்று சமையல் இவள் கையில். விரல் பொலிவியாவில் நின்றது. சோயாவும் தகரமும். ஒரு நாட்டுச் சாப்பாட்டை ஏன் தகர டப்பாவுக்குள் வேகவைக்கவேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்தாள். நீ உட்கார்ந்தாய். ஒரு முறை உப்புக்குக் கை நீட்டினாய். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை. அவள் அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மூன்றாவது முறை கையை நீட்டி, உப்புக்கு மேலே நிறுத்தி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தாண்டிப் போய்த் தண்ணீர்க் குவளையை எடுத்தாய். சிரித்தாய். "தாகமா இருந்துச்சு," என்றாய்.

இவள் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமைக்கவில்லை. நீயும் சமைக்கச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் நாங்கள் விருந்தாளிகள் மாதிரி வந்து, நாடு நாடாகத் தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு போனோம். நீ தண்ணீரில் நிறுத்தினாய். நான் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா நன்றாக இருக்கிறார். ஜன்னல் பக்க அறையைக் கொடுத்திருக்கிறோம். எட்டாவது மாடி, காற்று வருகிறது. உருண்டை குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக உருண்டை விற்ற காலத்தைப் பற்றி வாலுவிடம் தினமும் கதை சொல்கிறார். காகிதம் ஒட்டும்போது மடிப்பு விழுந்து சில நாடுகள் உள்ளே போய்விட்டதால்தான் இந்த உருண்டையைப் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்களாம். "அந்த நாட்டுக்காரங்க என்ன சாப்பிடுவாங்க தாத்தா?" என்று கேட்டாள். "அவங்க மடிப்புக்குள்ள இருக்காங்க, சமைக்க இடம் இருக்காது," என்றார்.

முதல் ஞாயிறு மங்கோலியா வந்தது. செம்மறியாடு, நிலக்கரி. ஆட்டுக்கறியைக் கரியாகும்வரை வறுத்தேன். இரண்டு பொருளும் தட்டில் இருந்தன. அப்பா சாப்பிட்டார். உப்புக்கு இரண்டு முறை கை நீட்டினார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இதை உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது என்று இவள் சொல்கிறாள். உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஜன்னல் கண்ணாடி தவிர.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

இரண்டு முறை. அந்த வரியை வெட்டியெடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உன் மனைவியின் பொலிவியா பற்றி எழுதியிருந்தாய். உப்பு குறைவாக இருந்தது. தாகமும் இருந்தது. இரண்டுமே உண்மை. ஒரு மனிதப் பிறவிக்கு ஒரே வேளையில் இரண்டு உண்மை வரக் கூடாதா?

பல் ஆய்வகத்தில் எனக்கு வேலை அதிகம். அலமாரியில் வரிசையாக ஊர்க்காரர்களின் பல் அச்சுகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. சாயங்காலம், அச்சு வார்த்ததில் கையில் ஒட்டிய பிளாஸ்டரைச் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சிரிக்கவும் ஆள் இல்லை. உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். முதல் வாரம் அட்டையை மெல்வதுபோல இருந்தது. இப்போது அட்டையிலேயே நல்ல அட்டை, மட்டமான அட்டை என்று பிரிக்கத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த நாடும் வருவதில்லை. பழக்க தோஷத்தில் கண்ணை மூடி மேசைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். மேசைதான் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உருண்டை இந்த வீட்டுக்குத் திரும்பவேண்டும், அதன் பின்னாலேயே அப்பாவும். அதற்கு ஓராண்டெல்லாம் காத்திருக்க மாட்டேன். இன்னும் ஒரு கை போதும். அப்பா உன் மேசையில் மூன்றாவது முறை கை நீட்டுகிற அன்று உன் வீட்டு வாசலில் வாடகை வண்டியோடு நிற்பேன். வண்டிக்காரரிடம் பேசி வைத்தாகிவிட்டது. "எப்பம்மா கிளம்பணும்?" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார். "எங்கப்பா கையைப் பொறுத்தது," என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குக் கைவலி என்று நினைத்து ஒரு தைலம் கொடுத்தனுப்பினார்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு பல் மருத்துவர். லிஃப்ட் நின்றுபோனதால் அவரிடம் நோயாளி யாரும் ஏறிவரவில்லை, பேச ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இப்படியொரு மனிதர், வாழ்நாளெல்லாம் அளவாக உப்புச் சாப்பிட்டவர், இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு முறை கை நீட்டுகிறார், இரண்டாவது முறை நீட்டியபிறகு மூன்றாவதை அடக்கிக்கொண்டு விரலை மடக்குகிறார் என்று.

அவர் ஒரே கேள்வி கேட்டார். "பல்செட் புதுசா?"

மேல்வரிசைப் பல்செட்டின் தட்டு மேலண்ணத்தை மூடிவிடுமாம். புதிதாகப் போட்டவர்களுக்குச் சாப்பாடு சப்பென்று இருக்குமாம். தட்டு தடிமனாக இருந்தால் கேட்கவே வேண்டாமாம்.

ஆக உப்புக்குக் கை நீட்டுவது அப்பா இல்லை. நீ. உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே என் மேசையில் கை நீட்டிக்கொண்டிருக்கிறாய்.

வேறு இடத்தில் புதிது செய்துவிடலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவகிட்டயே அனுப்புடா. என் வாய் அவளுக்குத்தான் தெரியும்," என்கிறார். ஈறும் ஒரு பக்கம் புண்ணாகியிருக்கிறது. ஆகவே பல்செட்டைப் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். தட்டை இழைத்து மெல்லியதாக்கி, புண் படுகிற இடத்தைச் சரிசெய்து உடனே அனுப்பு. நம் சண்டை நம்மோடு. அவர் வாயை இதற்குள் இழுக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பல்செட் நல்லபடியாக வந்து சேர்ந்தது. என் மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. அப்பாவின் ஒரு பகுதியாவது வீடு திரும்பியதில் மகிழ்ச்சி.

வேலை முடியக் கொஞ்சம் காலம் பிடிக்கும். மெழுகு இறுகவேண்டும், மனமும் இளகவேண்டும். மெழுகை நான் பார்த்துக்கொள்கிறேன். மனம் இளக, உன் மனைவி தன் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும். "அன்று உங்கள் ஐஸ்லாந்தில் உப்பு சரியாக இருந்தது." இதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்கு வேண்டாம். மன்னிப்பெல்லாம் கேட்கச் சொல்லவில்லை. அது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதுவரை அப்பா என்ன சாப்பிடுகிறார்? கஞ்சியா? எந்த நாடு என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

நம் சண்டை நம்மோடு என்று எழுதியிருந்தாய். ஏழு வயதுக் குழந்தையின் பக்கம் உப்பு டப்பாவை நகர்த்தியவன் எழுதிய வரி என்பதால் இருமுறை படித்தேன்.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அப்பா கஞ்சி குடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கனடா வந்தது. கோதுமையும் மரமும். கோதுமைக் கஞ்சியை மரக்கரண்டியோடு கொடுத்தேன். குடித்தார். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா இதுக்குத் தேக்கு மரத் தட்டு வச்சா," என்றார். கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருக்கிறார். வாலு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கஞ்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

இவளிடம் உன் நிபந்தனையைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணி வரை மடித்துவிட்டுப் பேனா கேட்டாள். தாள் தனியாக உள்ளே இருக்கிறது. நான் படித்தேன். நானாக இருந்தால் அந்த அளவோடு நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

"அண்ணி, அன்று உங்கள் ஐஸ்லாந்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம்தான் சரியில்லை."

நீ கேட்ட வரி முழுசாக இருக்கிறது. பல்லை அனுப்பு.

தம்பி

*

ஏப்ரல் 28

தம்பிக்கு,

வரி கிடைத்தது. முதல் வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இரண்டாவது வாக்கியம் சட்டத்துக்கு அடியில் மடிந்துவிட்டது. நம் வீட்டில் நாடுகளே மடிப்புக்குள் போகும்போது ஒரு வாக்கியம் போவதில் ஆச்சரியமில்லை.

பல்செட் இத்துடன் வருகிறது. புண் படுகிற இடத்தை இழைத்துவிட்டேன், இனி வலிக்காது. மேலண்ணத் தட்டு எனக்குத் திருப்தியாக இல்லை. விரிசல் விடுமோ என்று தோன்றியது. உன் மேசையில் நிலக்கரிவரை பரிமாறுகிறாய் அல்லவா? ஆகவே தட்டை நன்றாக வலுப்படுத்தியிருக்கிறேன். கல்லைக் கடித்தாலும் உடையாது. என் வேலைக்கு நான் பொறுப்பு. உன் சமையலின் ருசிக்கு இல்லை.

வண்டிக்காரரிடம் தயாராக இருக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உனக்கு எழுதவில்லை. நீ ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பத் தயாராகச் சேலையை இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருப்பாய் என்று தெரியும். காத்திரு என்றுதான் விட்டுவிட்டேன்.

பல்செட் வந்த அன்றே, வேலையில் தடிமன் அளக்கிற அளவியை வைத்துத் தட்டைப் பார்த்தேன். லிஃப்ட் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று மயிரிழை கணக்கில் பார்க்கிறவனிடம் விளையாடியிருக்கிறாய். முன்பு இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. அதை வாயில் போட்டுக்கொண்டு அப்பா பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் கழற்றமாட்டேன் என்கிறார். "அவ பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கா," என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியது என் தலையெழுத்து.

நீ என்ன எதிர்பார்த்தாய் என்று தெரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். மேசையில் கை நீட்டுவதற்குத்தான் சட்டம். சமையலறையில் கை நீட்டுவதற்குச் சட்டம் இல்லை. பெரு வந்தபோது உருளைக்கிழங்கில், நீ அன்போடு அனுப்பிய அதே பொட்டலத்திலிருந்து, இரண்டு கை அள்ளிப் போட்டேன். அப்பா ஒரு முறைதான் கை நீட்டினார். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் போட்டேன். கை நீளவே இல்லை. "இப்பதான்டா உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு," என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதை உன் உப்பில் வாங்கியிருக்கிறேன்.

மற்றவர்கள் பாடு சிரமம்தான். தட்டைக் காலி செய்தாக வேண்டுமே. இவள் ஒரு வாய்க்கு ஒரு குவளை தண்ணீர் குடிக்கிறாள். வாலு, "அப்பா, இந்த நாட்டுக்காரங்க கடலுக்குள்ளயா இருக்காங்க?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் இப்போது தனியாக எடுத்துவைக்கிறோம்.

வாரநாட்களிலும் அப்பாவுக்கு அதே அளவுதான் போடுகிறேன். நாக்கு பழகிவிட்டால் கை நீளாது. ஆள் நன்றாகத் தேறிவிட்டார். கால்கூடப் பூரித்துப்போய்ப் பழைய செருப்பு சேரவில்லை, ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தேன். உன் வீட்டில் அவருக்குச் செருப்பு எப்போதும் தொளதொள என்றுதானே இருக்கும்.

வண்டிக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

சமையலறையில் திருட்டுத்தனமாகப் போடுகிற உப்புக்குப் பெயர் கைப்பக்குவம் இல்லை. தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டு முதல் மதிப்பெண் வாங்கியவனின் அதே முகம் எனக்குத் தெரிகிறது. அப்போதும் அப்பா உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

தட்டு தடிமன் என்று அளந்து கண்டுபிடித்திருக்கிறாய். நல்லது. வேண்டுமென்றே செய்தேன் என்று நிரூபிக்க உன் அளவி உதவாது.

செருப்பு விஷயத்தையும் படித்தேன். அப்பாவை எட்டாவது மாடியில் உட்காரவைத்து, ஏறவும் இறங்கவும் லிஃப்டில் வைத்து, கால் நடக்க மறந்து வீங்கியிருக்கிறது. அதை நல்ல சாப்பாட்டின் அடையாளம் என்று எனக்கே எழுதுகிறாய். இங்கே இருந்தவரை காலையில் பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "இன்னிக்கு உலகத்தைச் சுத்தியாச்சு," என்பார். நடக்கவை. பாராட்டு வாங்குகிற நேரம் போக மீதி நேரத்தில்.

ஒரு யோசனையும் சொல்கிறேன். உப்பு தீர்ந்துவிட்டால் எழுது. என் வீட்டில் இல்லை, கடையில் வாங்கி அனுப்புகிறேன். நீ எவ்வளவு போட்டாலும் ஒருநாள் அது அவர் நாக்குக்குக் குறைவாகப்படும். அன்று கை நீளும். நான் அந்த நாக்கோடு உன்னைவிட அதிக நாள் இருந்தவள். அதைத் தெரிந்துதான் தட்டைச் செய்தேன். போடு, போட்டுக்கொண்டே இரு.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

தொலைபேசியில் பலமுறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். இப்போது பயமில்லை என்று சொல்கிறார்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் பழுதாகிவிட்டது. அதைப் பார்ப்பது வேறு கம்பெனி, நான் கைவைக்கக் கூடாது. நீ எழுதியிருந்தாயே, நடக்கவை என்று. காலையில் அப்பாவைப் படியில் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நான்காவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "ஒரு நிமிஷம்டா," என்றார். கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் குழியாகவே இருந்தது. மீதி நான்கு மாடியும் நானும் காவலாளியும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்த டாக்டரம்மா இளம்பெண். இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது, உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்றார். "என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டார்.

"எல்லா நாட்டுச் சாப்பாடும்," என்றாள் இவள்.

"உப்பு?"

நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மேசைப் பழக்கம். வாலுதான் சொன்னாள். "எங்க வீட்ல உப்புக்குக் கை நீட்டக் கூடாது. அதனால அப்பா முன்னாடியே நிறைய போட்டுடுவாரு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எதுக்குப் போட்டீங்க?" என்றார். எதற்கு என்று அவரிடம் எங்கிருந்து தொடங்குவது? அம்மாவிலிருந்தா, பொலிவியாவிலிருந்தா?

இனி அவர் சாப்பாட்டில் உப்பே சேரக் கூடாது. தண்ணீரும் அளவு வைத்துத்தான்.

அப்பா படுக்கையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயிலிருந்து பல்செட்டை நர்ஸ் எடுத்துவைத்திருந்தார். டாக்டரம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு கனமா யார் செஞ்சது?" என்றார். அப்பா உடனே, "என் பொண்ணு. கெட்டியா இருக்கணும்னு செஞ்சா," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். எங்கே என்றுதான் பேச்சு. இவள்தான் சொன்னாள். "அண்ணி வீட்ல உப்பே இல்லன்னு எழுதியிருந்தாங்களே. அங்கேயே போகட்டும்." நல்ல எண்ணத்தில் சொன்னாளா, வேறு எதிலா என்று முகத்தைப் பார்த்தேன். துணி மடிக்கிற முகம்தான் இருந்தது. உன் வீடு தரைத்தளமும்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே கொண்டுவந்து விடுகிறேன். வாசலோடு திரும்பிவிடுவேன்.

ஒன்று மட்டும். என் மேசையில் மூன்றாவது கை நீளவில்லை. சட்டப்படி உருண்டை ஓராண்டு இங்கேதான். அப்பா மட்டும் வருகிறார்.

தம்பி

*

ஜூலை 23

தம்பிக்கு,

அப்பாவை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பியபோது நீ இடது பக்கத் தூணில் இடித்தாய். தூணுக்கு ஒன்றும் இல்லை.

வீக்கம் குறைந்திருக்கிறது. பழைய செருப்பு சேர்கிறது. காலையில் பூங்காவில் கால் சுற்று நடக்கிறார். தண்ணீர், அளவுக் கோப்பையில் கொடுக்கிறேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.

உருண்டையை நீ வைத்துக்கொண்டது சட்டப்படி சரிதான். நானும் படித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. உன் வாழ்க்கையில் சட்டத்தை நீ ஒழுங்காகப் படித்தது இந்த ஒரு முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காயை வேகவைத்துச் சோற்றோடு வைத்தேன். சுவரோரம் இருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் போட்டேன். அப்பா உட்கார்ந்ததும் உருண்டை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு எந்த நாடுன்னு வச்சுக்கலாம்ப்பா?" என்றேன்.

"மடிப்புக்குள்ள போனதுல ஏதாவது ஒண்ணு," என்றார்.

தட்டைக் காலி செய்தார். மேசைமேல் உப்பு டப்பா இல்லாததால் கை நீட்ட இடமில்லை.

போன வாரம் அவருக்குப் புதுப் பல்செட் செய்தேன். உப்பில்லாவிட்டாலும் ருசி தெரியட்டும் என்று மேலண்ணத் தட்டை என்னால் முடிந்தவரை மெல்லியதாக இழைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது. என் கையில் இதற்கு முன் இவ்வளவு நல்ல வேலை வந்ததில்லை. ஆய்வகத்தில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். அப்பாவும் கையில் வாங்கிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். நாளெல்லாம் அதைத்தான் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துக் காட்டினார்.

சாப்பிட உட்காருமுன் அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுகிறார்.

அக்கா